எண்ணுக்குள் இருப்பவர் யார்? உடல்நல ஆய்வுகளும் மக்கள்தொகைக் கூறுகளும்

ஒரு நாட்டில் எத்தனை பேருக்கு நீரிழிவு உள்ளது என்பதை அறிய, மக்கள் அனைவரையும் சோதித்தல் இயலாது. சிலரைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து, அவர்வழி அனைவரின் நிலையையும் கணிப்பதே பொதுச் சுகாதார ஆய்வின் முறை. ஆதலின் நோய்பற்றிய வினாக்களோடு வயது, பால், இனம், கல்வி, தொழில், வருமானம், வாழிடம் ஆகியனவும் கேட்கப்படுகின்றன. இவையே மக்கள்தொகைக் கூறுகள். இவற்றை நோக்காது, ஆய்வு தரும் எண்ணை மட்டும் படிப்போர் பிழைபடப் புரிந்துகொள்வர்.

முதற்கண் வயதைக் காண்போம். மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய உடல்நல, நோய்நிலை ஆய்வு 1986இல் தொடங்கியது. அவ்வாண்டில் 35 வயதும் அதற்கு மேலும் உடையோரிடையே நீரிழிவு 6.3 விழுக்காடு. 1996இல் 30 வயதிலிருந்து கணக்கிட்டனர், 8.3 விழுக்காடு. 2006இல் 18 வயதிலிருந்து கணக்கிட்டனர், 11.6 விழுக்காடு. பத்தாண்டில் 3.3 புள்ளிகளே கூடின என்று தோன்றும். ஆனால் 2006ஆம் ஆண்டு ஆய்விலும் 30 வயதுக்கு மேற்பட்டோரை மட்டும் கொண்டால் விடை 14.9 விழுக்காடு. உண்மை உயர்வு 6.6 புள்ளிகள். நோய் குறைவாக உள்ள இளையோர் சேர்ந்தமையால் சராசரி தாழ்ந்து, உயர்வு மறைந்தது.

அடுத்து இனம். 2019ஆம் ஆண்டு ஆய்வில் வயதுவந்தோரிடையே நீரிழிவு 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. நம்மைக் கவலைகொள்ளச் செய்யும் எண் இது. எனினும் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், பஞ்சாபியர் அனைவரும் 'இந்தியர்' என்னும் ஒரே கட்டத்துள் அடங்குவர். ஈப்போவில் தொழில்புரியும் வழக்கறிஞரும் சுங்கை சிப்புட்டில் பால்மரம் சீவி ஓய்ந்த முதியவரும் அதனுள் ஒருவர்க்கொருவர் வேறல்லர்.

இவர்களைப் பிரித்துக் காணலாமே எனின், எண்ணிக்கை இடந்தராது. நாடு முழுவதும் 10,000 பேரை மக்கள்தொகை விகிதப்படி தேர்ந்தெடுப்பதாகக் கொள்வோம். பேராக்கிற்குரியோர் ஏறத்தாழ 770 பேர். அவருள் இந்தியர் 90 பேர் அளவினர். அவரை ஆண், பெண் எனவும், நான்கு வயதுப் பிரிவுகளாகவும் பகுத்தால் ஒவ்வொரு பிரிவிலும் பதினொருவரே எஞ்சுவர். பதினொருவரைக் கொண்டு ஒரு சமூகத்தின் நலத்தை உரைத்தல் தகாது.

வாழிடமும் தொழிலும் இன்னும் நுட்பமானவை. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் பேராக்கின் தோட்டங்களில் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியும் போகவே, பல குடும்பங்கள் லயங்களை விட்டுப் பட்டணம் சேர்ந்தன. இன்று அவர்கள் படிவத்தில் 'நகர்ப்புறத்தார்'. முப்பதாண்டு விடியலில் மரம் சீவி, களைக்கொல்லியும் தெளித்த மூதாட்டி இன்று 'இல்லத்தரசி'. படிவம் இன்றைய நிலையை மட்டும் பதிவு செய்யுமாயின், அவ்வுழைப்பு உடலில் விட்ட தடத்தை ஆய்வு காணாது. காணப்படாத குறைக்குத் திட்டமும் வகுக்கப்படாது.

இதில் நமக்கும் பங்குண்டு. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடு பூட்டிக் கிடந்தாலோ, வீட்டார் விடையளிக்க மறுத்தாலோ, அவர்போன்றோரின் நிலை கணக்கில் மங்கிவிடும். ஆகவே ஆய்வாளர் வரும்போது அவர்தம் அடையாள அட்டையைச் சரிபார்த்து, முழுமையாக விடையளித்தல் நன்று.

ஆசிரியர்கள் வகுப்பறையில் ஒரு பயிற்சியைச் செய்விக்கலாம். நாளிதழில் வரும் உடல்நலச் செய்தியொன்றை எடுத்து, எவ்வயதினரைக் கேட்டனர், எத்தனை பேரைக் கேட்டனர், யார் விடுபட்டனர் என மாணவரை வினவச் செய்க. பின்னர் மாணவர் தத்தம் தாத்தா பாட்டியிடம் எந்தத் தோட்டத்தில், எந்த வேலையை, எத்தனை ஆண்டு செய்தனர் என்று கேட்டு எழுதி வரட்டும். படிவத்தில் இடம்பெறாத கட்டங்கள் எவை என்பதை அவர்களே கண்டுகொள்வர்.