கூண்டு சொல்லாத மழை

"தூத்துக்குடி துறைமுகத்தில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது" என்று திருநெல்வேலி வானொலி சொல்லும்போதெல்லாம், சின்ன வயதில் என் கண்ணுக்குள் வந்து நின்றது ஒரு கிளிக்கூண்டு. உள்ளே எதை அடைத்திருப்பார்கள் என்று வெகுநாள் யோசித்ததுண்டு. ஒன்றையும் அடைப்பதில்லை. கூம்பாகவும் உருளையாகவும் செய்த வெறும் சட்டகங்கள்தாம் அவை. துறைமுகத்தின் உயரமான கம்பத்தில் ஏற்றிவிட்டால், வயர்லெஸ் இல்லாத காலத்துக் கப்பல்காரரும் தொலைவிலிருந்தே சேதியைப் படித்துக்கொள்ளலாம். இரவில் அதே வேலையைச் சிவப்பு, வெள்ளை விளக்குகள் பார்க்கும். 1864-இல் கல்கத்தாவைப் பெரும்புயல் புரட்டிப்போட்ட மறு வருஷம் அந்தத் துறைமுகத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. இந்திய வானிலைத் துறை பிறந்ததே 1875-இல்தான். கூண்டு அதற்கு அண்ணன்.

மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் எங்கோ தொலைவில், நடுக்கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே பாதிப்பு வரலாம். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். இந்த மும்மூன்றுக்குள்ளும் ஒரு நுட்பம் இருக்கிறது: புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகக் கரையேறும் என்பதையும் எண்ணே சொல்லிவிடும். நம் பக்கத்துப் புயல் இடஞ்சுழியாகச் சுற்றுகிறது. கிழக்குக் கரையில் அது மேற்கு நோக்கி ஏறும்போது, அதன் வடபுறத்தில் காற்று கடலைக் கரைக்குத் தள்ளும். தென்புறத்தில் கரையிலிருந்து கடலுக்கு வீசும். ஒரே புயல்தான், பக்கம் மாறினால் விதி மாறும். 11-ஆம் எண்தான் எனக்கு எப்போதும் கிலி தருவது. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோயிற்று, இனி உங்கள் பாடு என்பது அதற்குப் பொருள்.

இதெல்லாம் காற்றைப் பற்றிய பேச்சு, கப்பலோடு பேசும் பேச்சு. கடலிலிருந்து 50 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் நெல்லைக்காரருக்குக் காற்று இரண்டாம் பட்சம். அவர் பயம் ஆறு. சென்னைக்காரர் தங்கம் விலை பார்ப்பதுபோல இங்கே பேப்பரைப் பிரித்ததும் பாபநாசம் அணையில் எத்தனை அடி, மணிமுத்தாறில் எத்தனை அடி என்றுதான் பார்ப்பார்கள். பாபநாசத்தின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118. மழைக்காலம் வந்தால் மாஞ்சோலைக்கு மேலே நாலுமுக்கிலும் ஊத்திலும் எவ்வளவு பெய்தது என்ற கணக்கும் சேர்ந்துகொள்ளும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வரும் என்றால் உற்சவரையும் உண்டியலையும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சாமி இடம் மாறினால் நாமும் இடம் மாற வேண்டும் என்பது கரையோரக் குடும்பங்களுக்குத் தெரிந்த எச்சரிக்கை. அதற்கு எண்ணும் இல்லை, நிறமும் இல்லை.

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. ஊர் முழுக்க அந்தப் பேச்சு ஓயுமுன், 17-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை தெற்கே வானம் திறந்துகொண்டது. குமரிக்கடல் பகுதியில் ஒரு வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. அவ்வளவுதான். காற்று மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயல் என்று பெயர் சூட்டுவார்கள். இதற்குப் பெயரே இல்லை. ஆனால் ஓடுகிற புயல் கொட்டிவிட்டு நகர்ந்துவிடும். இது நகராமல் நின்று, வங்கக்கடலின் ஈரத்தையெல்லாம் இழுத்து இழுத்து ஒரே இடத்தில் இறைத்தது. மறுநாள் காலை 8.30-க்கு மழைமானியைப் பார்த்தபோது காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62.

எச்சரிக்கை சரியாக வந்ததா என்று பின்னால் பெரிய சண்டை நடந்தது. அதற்குள் நான் போகவில்லை. என் குறை அளவுகோல் மேல்தான். 24 மணி நேரத்தில் 20.4 சென்டிமீட்டரைத் தாண்டினால் 'அதி கனமழை'. அதற்கு மேல் சொல்லே கிடையாது. 21-ம் அதி கனமழைதான், 95-ம் அதி கனமழைதான். சிவப்புக்கு மேல் நிறமும் இல்லை. ஒரு ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் சுமார் 40,000 லிட்டர் தண்ணீர். 95 என்றால் 38 லட்சம் லிட்டர். அதுவும் அணைக்கு மேலே மலையில் பெய்தால் ஓரளவு தேக்கலாம். அணைக்குக் கீழே, சமவெளியில் பெய்ததை ஷட்டர் போட்டு நிறுத்த முடியுமா? குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அங்கே இரண்டு இரவுகள். சோறு இல்லை, கரண்ட் இல்லை, சுற்றிலும் தண்ணீர். பயணிகள் திட்டியிருக்கலாம். ஆனால் அதற்கடுத்த பாதையில் தாதன்குளம் பக்கம் ஜல்லியும் மண்ணும் அரித்துப்போய், தண்டவாளம் ஸ்லீப்பர் கட்டைகளோடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது டிஎன்-அலர்ட் செயலி இருக்கிறது, 1077 என்று அடித்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை கிடைக்கும், ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டும் வருகிறார்கள். ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் பாலித்தீன் கவரில் சுற்றி மேலே வைப்பது, மோட்டாருக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்குவது, வாழைக்கு முட்டுக் கொடுப்பது, கிளம்பும் முன் மாட்டைக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்துவிடுவது எல்லாம் நம் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது செய்வது என்பதில்தான் தடுமாற்றம்.

அதற்கு நான் ஒரு பழைய பெயின்ட் வாளியை மொட்டைமாடியில் வைத்திருக்கிறேன், மரமும் சுவரும் மறைக்காத இடத்தில். பக்கங்கள் கிட்டத்தட்ட நேராக இருப்பதால் பள்ளிக்கூட ஸ்கேலை உள்ளே விட்டாலே போதும், மழை எத்தனை சென்டிமீட்டர் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். சாயங்காலத்துக்குள் 10 தாண்டினால் பத்திரங்கள் மேலே ஏறும். 20 தாண்டினால் நாங்களே ஏறுவோம். 20 லிட்டர் வாளி அது, உயரம் 40 சென்டிமீட்டருக்குள்தான் வரும். அன்றைக்குக் காயல்பட்டினத்தில் அதை வைத்திருந்தால், விடிவதற்குள் இரண்டு தடவை நிறைந்து வழிந்திருக்கும்.