டாக்டர் படிப்பை விட்டு குச்சி பிடித்த மும்பைக்காரர்: உலகை ஆட்டி வைத்த ஜுபின் மேத்தா

கண்டக்டர் என்றால் நமக்கு ஞாபகம் வருவது பஸ் கண்டக்டர். மியூசிக் டைரக்டர் என்றால் சினிமாவுக்கு டியூன் போடுபவர். ஆனால் மேல்நாட்டு சிம்பொனி இசையில் இந்த இரண்டு வார்த்தைக்கும் அர்த்தமே வேறு. அந்த இரண்டு வேலையிலும் உலகப் புகழ் பெற்றவர் ஒரு இந்தியர். பெயர் ஜுபின் மேத்தா.

குச்சி ஆட்டுவது ஒரு வேலையா?

நம்ம ஊர் மெல்லிசைக் கச்சேரியில் 10 பேர் வாசிப்பார்கள். டிரம்ஸ்காரரைப் பார்த்து தாளம் பிடித்துக்கொள்ளலாம். சிம்பொனி என்றால் மேடையில் 100 பேர் வரை இருப்பார்கள். முன்னால் வயலின், கடைசி வரிசையில் டிரம். ஒருவர் வாசிப்பது இன்னொருவர் காதுக்கு சரியாக எட்டாது. அதனால் எல்லாரும் பார்ப்பது கண்டக்டரின் கையைத்தான். வலது கை குச்சி வேகத்தைச் சொல்லும். இடது கை ‘ஏத்து, இறக்கு, இப்போ நீ ஆரம்பி’ என்று சொல்லும். பாட்டு எழுதியவர் செத்து 200 வருடம் ஆகியிருக்கும். அதை எப்படி வாசிக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் இவர்.

மியூசிக் டைரக்டர் பொறுப்பு இன்னும் பெரிசு. வருஷம் முழுக்க என்ன வாசிப்பது, எந்த கலைஞரைச் சேர்ப்பது, யாரை விருந்தாளியாக அழைப்பது என எல்லாவற்றுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். டியூன் போடுவது அவர் வேலை இல்லை.

பாட வந்தது பார்ப்பதற்காக

1936-ல் மும்பையில் பார்சி குடும்பத்தில் பிறந்தவர் ஜுபின். அப்பா மேலி மேத்தா வயலின் கலைஞர். பம்பாய் சிம்பொனி இசைக்குழுவை உண்டாக்கியவர். ஆனாலும் பையன் டாக்டர் ஆகட்டும் என்றே வீட்டில் நினைத்தார்கள். கல்லூரியில் சேர்ந்து இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்தார். மனசு ஒட்டவில்லை. 1954-ல், 18 வயதில் ஆஸ்திரியாவின் வியன்னா நகரத்துக்குக் கிளம்பிவிட்டார்.

அங்கே ஹான்ஸ் ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆசிரியரிடம் பயிற்சி. பெரிய கண்டக்டர்கள் ஒத்திகை எடுப்பதை நேரில் பார்க்க ஆசை. மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். என்ன செய்தார் தெரியுமா? தன்னோடு படித்த கிளாடியோ அப்பாடோவைக் கூட்டிக்கொண்டு கோரஸ் பாடும் குழுவில் சேர்ந்துவிட்டார். பாடிக்கொண்டே எதிரில் நிற்பவரின் கையைக் கவனித்து தொழில் படித்தார்கள் இருவரும். அந்த அப்பாடோவும் பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

ஆள் வராத இடத்தில் போய் நின்றவர்

1958-ல் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த போட்டியில் ஜுபினுக்கு முதல் பரிசு. ஆனால் உடனே வேலை கொட்டிவிடவில்லை. வாய்ப்பு வந்ததெல்லாம் பெரிய ஆட்கள் வர முடியாமல் போனபோதுதான். கனடாவின் மான்ட்ரியலில் மார்கெவிச்சுக்கு பதில், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸில் பிரிட்ஸ் ரைனருக்கு பதில், இஸ்ரேலில் ஆர்மண்டிக்கு பதில் என்று ஓடி ஓடி மேடை ஏறினார். கடைசி நேரத்தில் கூப்பிட்டாலும் தயாராக இருந்தார். அதுதான் அவரைத் தூக்கி விட்டது.

மாற்று ஆளாகப் போன மூன்று இடங்களிலும் பிறகு அவரே மியூசிக் டைரக்டர் ஆனார்! மான்ட்ரியலில் 1961-ல் பொறுப்பேற்றார். லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது தனிக் கதை. அங்கே பொறுப்பேற்க இருந்தவர் ஜார்ஜ் சோல்டி. அவரிடம் கேட்காமலேயே ஜுபினை உதவி கண்டக்டராக நிர்வாகம் போட்டது. கோபத்தில் சோல்டி விலகிவிட்டார். 1962-ல் அந்த நாற்காலி 26 வயது ஜுபினுக்கு வந்தது. 1978 வரை அங்கே இருந்தார். அதன்பின் நியூயார்க் பில்ஹார்மானிக்கில் 1991 வரை 13 ஆண்டுகள்.

எதிர்ப்பும் உண்டு

இஸ்ரேல் பில்ஹார்மானிக் 1981-ல் அவரை ஆயுட்கால மியூசிக் டைரக்டர் ஆக்கியது. அதே ஆண்டு டெல் அவிவ் நகரில் வாக்னர் இசையை வாசிக்க வைத்தார். வாக்னர் ஹிட்லருக்குப் பிடித்த இசைமேதை. நாஜி முகாம்களில் உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் வாழும் ஊர் அது. கேட்க விருப்பமில்லாதவர்கள் எழுந்து போகலாம் என்று முன்கூட்டியே சொல்லியும் அரங்கில் பெரிய ரகளை ஆனது. எதை வாசிப்பது என்பது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதற்கு இது ஒரு சாட்சி.

ஆபத்து நேரத்திலும் அவர் ஒதுங்கவில்லை. 1991 வளைகுடாப் போரில் ஈராக் ஏவுகணைகள் இஸ்ரேலில் விழுந்தபோதும் போய் கச்சேரி நடத்தினார். ரசிகர்கள் விஷவாயு முகமூடியோடு வந்து கேட்டார்கள். 1994-ல் போரில் எரிந்துபோன சரயேவோ நூலகத்தின் இடிபாட்டுக்குள் நின்று மொசார்ட்டின் இரங்கல் இசையை நடத்தினார்.

சென்னையில் சுனாமி அஞ்சலி

நமக்கும் அவர் வந்தார். சுனாமி அடித்து சரியாக ஒரு வருடம் ஆன 2005 டிசம்பர் 26 அன்று, ஜெர்மனியின் பவேரியா இசைக்குழுவோடு சென்னை மியூசிக் அகாடமியில் அஞ்சலி நிகழ்ச்சி நடத்தினார்.

2019 அக்டோபரில், 83-வது வயதில் இஸ்ரேல் இசைக்குழு பொறுப்பில் இருந்து விடைபெற்றார். 1966-ல் பத்மபூஷண், 2001-ல் பத்மவிபூஷண் விருதுகளை அவருக்கு இந்திய அரசு வழங்கியது. வாழ்க்கை முழுக்க வெளிநாட்டில் ஓடியும் இந்தியக் குடியுரிமையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.