பீடத்தை விட்டு இறங்கிய சிலை

சிலை என்றால் என்ன என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உயரமான பீடம், மேலே ஒரு தலைவர், கீழே பெயர்ப்பலகை என்பார்கள். 1950இல் லண்டனில் பிறந்த சிற்பி ஆன்டனி கோர்ம்லிக்கு இந்த விடை போதவில்லை. ஆதிமனிதர் வெட்டவெளியில் நட்டு நிறுத்திய நெடுங்கல்லும் அவருக்குச் சிற்பமே. அதற்கு முகமில்லை, யாருடைய சாயலும் இல்லை. ஆனால் அது நின்றதும் அந்த இடமே மாறிவிடுகிறது.

அரசர்களும் தளபதிகளும் பீடத்தில் ஏறியபின் மக்கள் அண்ணாந்து பார்ப்பதே வழக்கமாயிற்று. பிரெஞ்சுச் சிற்பி ரோடான், கலே நகரத்துக்காகச் செய்த ஆறு குடிமக்களின் சிலை தரைமட்டத்தில் நிற்க வேண்டும் என விரும்பினார். 1895இல் அதையும் பீடத்தில்தான் ஏற்றினார்கள். ரோடான் இறந்து சில ஆண்டுகள் கழித்து, 1924இல்தான் அது கீழே இறங்கியது.

லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தில், மன்னர் ஒருவரின் சிலைக்காகக் கட்டப்பட்டு, பணமில்லாமல் வெறுமையாக விடப்பட்ட பீடம் ஒன்று உண்டு. 2009இல் கோர்ம்லி அதில் சாதாரண மக்களை ஏற்றினார். ஆளுக்கு ஒரு மணி நேரம், இரவும் பகலும், 100 நாள். மொத்தம் 2,400 பேர்.

இளமையில் இந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி விபாசனா தியானம் பயின்றவர் அவர். கண்ணை மூடி அமர்ந்தால் உடல் ஒரு பொருளாக அன்றி, நாம் வசிக்கும் இடமாகத் தெரிகிறது என்பது அவர் எண்ணம். தம் உடல்மீதே பிளாஸ்டர் பூசி வார்ப்பெடுத்ததும் இதனால்தான். லிவர்பூல் அருகே குராஸ்பி கடற்கரையில் அவ்வாறு வார்த்த 100 இரும்பு உருவங்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. அலையேற்றத்தில் மூழ்கி மீண்டும் வெளிப்படுகின்றன.

நமக்கு மிகவும் பயன்படுவது அவருடைய களிமண் படைப்பு. 1993இல் செயின்ட் ஹெலன்ஸ் நகரில் சிறுவர் முதல் முதியோர் வரை சுமார் 100 பேர் ஏறத்தாழ 40,000 உருவங்களைப் பிடித்தார்கள். கைக்கு அடங்கும் அளவு, தானாக நிற்க வேண்டும், கண்ணுக்கு இரண்டு துளை, அவ்வளவே குறிப்பு. காட்சி அறை முழுவதும் அவை நிறைந்திருக்கும். உள்ளே போக முடியாது. வாசலில் நிற்கும் நம்மை அத்தனை கண்களும் பார்க்கும். மறு ஆண்டு டர்னர் பரிசு கோர்ம்லிக்குக் கிடைத்தது. பிடித்த கைகள் நூறு, பரிசு ஒருவருக்கு என்பது எனக்கு உறுத்தலே. உயர்வகுப்பில் இதை விவாதிக்கலாம்.

நாம் களிமண்ணைக் கொடுத்து ‘யானை செய்’ என்கிறோம். யானை வராத பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது. ஒருமுறை அந்த மூன்று குறிப்புகளை மட்டும் சொல்லிப் பாருங்கள். உருவங்களை நிழலில் உலர்த்தினால் வெடிப்பு குறையும். எல்லாவற்றையும் வாசலைப் பார்த்து நிறுத்துங்கள். மதிப்பெண் போட வேண்டாம்.