அதிவீரர் கதைகளும் எழுத்தின் தரமும்

அமெரிக்க டெலிவிஷனில் ‘ஸூப்பர் ஹீரோ’ எனப்படும் அதிவீரர்களின் கதைகள் மலிந்து கிடக்கின்றன. அவ்வீரர்களுள் எவன் பலசாலி என்று இளைஞர்கள் தர்க்கிக்கின்றனர். எவனுடைய கதை செவ்வையாக எழுதப்பட்டிருக்கிறது என்பதே நாம் கேட்க விரும்பும் கேள்வி. அதற்கு ஓர் உரைகல் உண்டு. கதாநாயகன் செய்த தியாகமும் பிழையும் கதையில் நிலைத்து நிற்கின்றனவா, அன்றி ஆசிரியரின் சௌகரியத்தை முன்னிட்டு அழிக்கப்படுகின்றனவா?

‘தி பிளாஷ்’ 2014 முதல் 2023 வரை 9 பருவங்கள் நடைபெற்றது. மின்னலென ஓடும் பாரி ஆலன், முதற்பருவ முடிவில், தன் தாய் கொலையுண்ட இரவுக்கே காலத்தைக் கடந்து செல்கிறான். காக்கும் வல்லமையிருந்தும் தன்னை அடக்கிக்கொண்டு, இறக்கும் தாயிடம் விடைபெற்று மீளுகிறான். கல்லும் கரையும் காட்சி அது. ஆனால் 2016-இல், இரண்டாம் பருவ முடிவில், அவனே மறுபடியும் சென்று அவளைக் காப்பாற்றிவிடுகிறான். மூன்றாம் பருவத் தொடக்கத்திலேயே அதுவும் மாற்றப்படுகிறது. சில வடுக்கள் எஞ்சின என்பது மெய்யே. எனினும் நாம் முன்னர் சிந்திய கண்ணீருக்கு மதிப்பு யாது? முதல் நான்கு பருவங்களுக்கும் தலைக்கு 23 அத்தியாயங்கள் எழுத வேண்டியிருந்ததால், குற்றம் முழுவதையும் எழுத்தாளர் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

2015-இல் வெளிவந்த ‘டேர்டெவில்’ முதற்பருவத்தில் 13 அத்தியாயங்களே உள்ளன. கண்பார்வையற்ற மாட் மர்டாக் பகலில் வக்கீல். இரவில் முகமூடியணிந்து அடிப்பவன். இந்த உண்மையறிந்த கூட்டாளி பாகி நெல்ஸன், சட்டத்தின்பால் பக்தி பூண்டவன் அதை மீறலாமா என்று கேட்கிறான். நீதிமன்றப் படியேறிய எமக்கு அந்த வாக்குவாதம் எந்தச் சண்டைக் காட்சியினும் கூரியதாகத் தோன்றிற்று. ஆசிரியர் அதற்கு எளிய விடை அளித்துத் தப்பவில்லை.

2019-இல் வந்த ‘வாட்ச்மென்’ 9 அத்தியாயங்களில் முடிந்தது. 1921-இல் டல்ஸா நகரில் கறுப்பர்கள் படுகொலை செய்யப்பட்ட மெய்ச் சம்பவத்திலிருந்து அது தொடங்குகிறது. அதில் பிழைத்த சிறுவன் வளர்ந்து போலீஸ்காரனாகிறான். உடனுழைக்கும் வெள்ளையரே அவனைத் தூக்கிலிட்டு, உயிர் பிரியுமுன் இறக்கிவிடுகின்றனர். அன்று முகத்தில் மாட்டிய துணியே அவனுக்கு முகமூடியாகிறது. இந்த ஆறாம் அத்தியாயத்தை எழுதிய டேமன் லிண்டலாபும் கார்ட் ஜெபர்ஸனும் 2020-இல் எம்மி பரிசு பெற்றது மிகவும் பொருத்தமே.

பொதுவாழ்வில் இறங்கியோர் செய்த பிழையைக் காலத்தில் பின்னோக்கிச் சென்று திருத்த முடியாது. அவ்வுண்மையை மறைக்காத கதையே நம் இளைஞர்கள் பார்க்கத் தகுந்தது என்பது நமது அபிப்பிராயம்.