நெல்லிக்காய் முதலில், பச்சைக் கஞ்சி பிறகு

நான் முதல்முறை செய்துகொண்டு போன பச்சைச் சாற்றை ஏழாம் வகுப்பில் மூன்று பேர்தான் குடித்தார்கள். அதில் ஒருவன் என் முகத்துக்காகக் குடித்தவன். முருங்கை இலையைப் பச்சையாகவே மிக்சியில் அரைத்து, எலுமிச்சை பிழிந்து, தேன் கலந்து பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போயிருந்தேன். வீட்டில் கிளிப்பச்சையாக இருந்தது பள்ளி வந்து சேர்வதற்குள் குளத்துப் பாசி நிறமாகிவிட்டது. "டீச்சர், மாட்டுக்கு அறுத்துப் போடுற தழ மாதிரியே வாசன வருது" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. குறும்புக்காகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

இதில் நான் இறங்கியதற்குக் காரணம் ஒரு காலை வழிபாட்டுக் கூட்டம். வானாய்வகத்தைப் பார்க்கக் காவலூருக்கு வருகிறவர்களின் கண்ணில் ஜவ்வாது மலையின் குளிர்ந்த காற்றும் தெளிந்த வானமும் படும். சிற்றூர்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகளின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பது முதல் பாடவேளை ஆசிரியருக்குத்தான் தெரியும். 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை உள்ள பிள்ளைகளின் முகத்தையே மாற்றியிருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு ஏறிவிட்ட பிள்ளைகளில் சிலர் இன்னும் ஒரு டம்ளர் டீயோடுதான் மலைப்பாதையில் நடக்கிறார்கள். அப்படி வந்த ஒருத்தி அன்று வரிசையிலேயே சரிந்தாள். பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 9 கிராம். 12 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு அது 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

அவளைக் கூட்டிப் போக வந்த ஆயாவிடம் கீரை கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். "சாப்புட்டாத்தான டீச்சரம்மா? ஆஸ்டல்ல யாரோ தழ திங்கிறவங்கன்னு கிண்டல் பண்ணினாங்களாம். அதுலேருந்து தொடமாட்டேங்குது" என்றார். சோகையைவிட இதுதான் என்னை அதிகம் உறுத்தியது. என் சாறு தோற்ற கதையையும் அவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டார். "பச்சையா அரைச்சா யாரு குடிப்பாங்க? ஒரு கொதி காட்டி எடுத்து சாமைக் கஞ்சியில போட்டுப் பாருங்க."

ஆயா சொன்ன ஒரு கொதியில் ஓர் அறிவியல் பாடமே இருக்கிறது. இலையைக் கசக்கும்போதோ அரைக்கும்போதோ அதன் செல்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதிகள் இலையின் கொழுப்பு அமிலங்களைச் சிதைக்கின்றன. புல் வெட்டும்போது எழும் அந்தப் பச்சை வாசனை அப்போது பிறப்பதுதான். கொதிநீரில் ஒன்றிரண்டு நிமிடம் போட்டால் நொதிகள் செயலிழக்கும். அதற்குப்பின் அரைத்தால் மாட்டுத்தீவன வாசனை பெரும்பாலும் வராது.

நிறம் மாறியதற்குக் காரணம் நான் பிழிந்த எலுமிச்சை. பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசிய அணு இருக்கிறது. அமிலம் பட்டால் அது வெளியேறிவிடும், பச்சை பழுப்பாகும். பாத்திரத்தை மூடி வேகவைத்தாலும் இலையிலிருந்து ஆவியாகும் அமிலங்கள் வெளியேற வழியின்றி அதே வேலையைச் செய்யும். கீரையை மூடாமல் வேகவிடு என்று நம் வீடுகளில் சொல்வது இதற்காகத்தான். தாவர நிறமிகளை ஆராய்ந்ததற்காக ரிச்சர்ட் வில்ஸ்டாட்டர் 1915 இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். நம் இரத்தத்தின் ஹீம் மூலக்கூறும் ஏறக்குறைய அதே வளைய அமைப்புதான். நடுவில் மக்னீசியத்துக்குப் பதில் இரும்பு. இதைக் கரும்பலகையில் வரைந்தபோது வகுப்பு வாய்பிளந்தது. அதைக் காட்டி, பச்சையம் குடித்தால் அப்படியே இரத்தமாகிவிடும் என்று சிலர் விற்பனை செய்கிறார்கள். அது தவறு என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

இருபது பிள்ளைகளுக்கு நாங்கள் செய்யும் அளவு இது. 150 கிராம் சாமையை இரண்டு லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்து, சிட்டிகை உப்பு போட்டு ஆறவிடுகிறோம். காம்பு நீக்கி ஆய்ந்து கழுவிய முருங்கை இலை 200 கிராம். அதைத் திறந்த பாத்திரத்தில் கொதிநீரில் இரண்டு நிமிடம் விட்டு, வடித்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உடனே போடுகிறோம். சூடு அதிலேயே நின்றுவிடும், நிறமும் தங்கும். பிறகு வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராமுடன் மைய அரைத்துக் கஞ்சியில் கலக்கிறோம். இலையில் உள்ள பீட்டா கரோட்டினை உடல் எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், கடலை அதற்காக. கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருந்தால் தேங்காய். கடைசியில் நன்கு பழுத்த வாழைப்பழம் எட்டு. கசப்பைப் பழமே பார்த்துக்கொள்ளும், சர்க்கரை தேவையில்லை. மின்சாரம் இல்லாத நாளில் அம்மியில் அரைத்திருக்கிறோம். திப்பி கொஞ்சம் தட்டுப்படும், அவ்வளவுதான். செய்து ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும். மீந்ததை எடுத்து வைக்கக் கூடாது.

இதில் எலுமிச்சை இல்லை. ஆனால் கீரையின் இரும்பை உடல் உறிஞ்ச வைட்டமின் சி துணை வேண்டும். இதற்கு எங்களுக்குக் கிடைத்த வழி நெல்லிக்காய். அதைக் கஞ்சியில் போடுவதில்லை. ஆளுக்கு ஒன்று முதலில் மென்றுவிட்டு, உடனே டம்ளரை எடுக்க வேண்டும். நெல்லி தின்ற வாய்க்குத் தண்ணீரே இனிக்கும் என்பது தெரியாத மலைப்பிள்ளை இல்லை. கஞ்சியும் இனித்தது. இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகுதான் "இன்னும் கொஞ்சம்" என்ற குரலைக் கேட்டேன். அப்போதும் எல்லோரும் குடிக்கவில்லை. பழகாத சுவையைப் பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்து முறைகூட ஆகலாம். வற்புறுத்தினால் அந்தக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும்! எங்கள் வகுப்பில் ஒரு வாய் சுவைத்தால் போதும், மீதியை வைத்துவிடலாம்.

கஞ்சியில் இலை சேர்ப்பது இலங்கையில் இன்றும் காலை வழக்கம். யாழ்ப்பாணத்தில் இலைக்கஞ்சி என்பார்கள், சிங்களத்தில் கொல கெந்த. வல்லாரை போன்ற இலைகளின் சாற்றை அரிசிக் கஞ்சியில் விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே குடிப்பார்கள். நகரத்துக் கடைகளில் கிரீன் ஸ்மூத்தி என்று கண்ணாடிக் குவளையில் விற்பதற்கு இது எந்த விதத்திலும் குறைந்ததல்ல என்று படங்களோடு காட்டினேன். அன்று ஆஸ்டல் கிண்டலுக்கு ஆளானவள் எதுவும் பேசவில்லை. மறுநாள் ஆயா பறித்துக் கொடுத்த பண்ணைக்கீரைக் கட்டு என் மேசைமேல் இருந்தது.

செய்ய நினைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கை மறைக்காமல் சொல்ல வேண்டும். 100 கிராம் முருங்கை இலையில் இருக்கும் இரும்பு ஏறத்தாழ நாலரை மில்லிகிராம். ஒரு பிள்ளைக்குப் போவது 10 கிராம் இலை. அப்படியானால் டம்ளரில் அரை மில்லிகிராம்கூட இல்லை. வாரந்தோறும் நாம் கொடுக்கும் நீல மாத்திரையில் இருப்பது 60 மில்லிகிராம். கஞ்சி குடிக்கிறான், மாத்திரை வேண்டாம் என்று எந்தப் பெற்றோரும் எண்ணிவிடக் கூடாது. குடற்புழு நீக்க மாத்திரையும் அப்படியே. மயங்கி விழுந்தவளுக்கு மூன்று மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11 ஆனது. அது மாத்திரையாலும், உணவோடு டீ குடிப்பதை வீட்டில் நிறுத்தியதாலும் என்றுதான் நினைக்கிறேன். டீயின் டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உணவுக்கும் டீக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

பின் எதற்கு இவ்வளவு பாடு என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். சத்துணவில் கீரை வரும் நாளில் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கப்படும் உருண்டைகள் எங்கள் வகுப்பில் குறைந்திருக்கின்றன. எனக்கு அது போதும்.

வீட்டில் சமைக்கும் கீரையைத் தவிர வேறு எதையும் காட்டிலிருந்து பறித்துவர அனுமதிப்பதில்லை. பாலக்கீரையில் ஆக்சலேட் அதிகம், அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதால் அன்றாடம் பச்சையாக அரைக்க ஏற்றதல்ல.

நெல்லி முடிகிற பருவம் இது. கொய்யாத் துண்டு கொடுக்கலாம் என்றிருந்தேன். ஒரு பையன் புளியங்கொழுந்தை அரைத்துக் கலக்கலாம் என்கிறான். அது புளிப்பாயிற்றே, நிறம் போய்விடும் என்கிறாள் முன்வரிசைக்காரி. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் இரண்டு டம்ளர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறோம்.