அரண்மனை வரைந்தோம், சேரியை எப்போது வரைவோம்?

‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் வாரத்தொடராக வரத் தொடங்கியதிலிருந்து, சோழர் காலம் என்றாலே நம் கண்முன் நிற்பது அரண்மனைதான். முத்தாரம், உயர்ந்த கொண்டை, குதிரை, பாய்மரக் கப்பல். வேலை செய்யும் மனிதர்கள் படத்தின் ஓரத்தில் சாமரம் வீசுகிறார்கள், அல்லது முகமில்லாத கூட்டமாக நிற்கிறார்கள்.

சான்று இல்லாததால் அப்படி வரைகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு 400 தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் ஆடல் மகளிரை, பெயர் பெயராகச் சொல்கிறது. யார் தெருவின் எந்தச் சிறகில் (வரிசையில்) எத்தனையாவது வீட்டில் இருந்தார், ஆண்டுக்கு 100 கலம் நெல் பங்கு என்பதெல்லாம் அதில் உண்டு. நட்டுவனார், உவச்சர் (கோயில் இசைக்கருவி வாசிப்போர்), தையான், குயவர், வண்ணார், நாவிதர், விளக்குப் பிடிப்போர் என்று பட்டியல் நீள்கிறது. ஒரு தெருவையே வரைந்துவிடலாம்.

சோழர் கால ஓவியர்களும் சிற்பிகளுமே வழி காட்டியிருக்கிறார்கள். அதே கோயிலின் கருவறைச் சுற்றில் 1931-இல் வெளிப்பட்ட சுவரோவியங்களில், சுந்தரர் திருமண விருந்துக்கு அடுப்படியில் சமையல் நடக்கிறது. தாராசுரம் கோயிலின் சிறு சிற்பங்களில் பிரசவம் பார்க்கிறார்கள், கழைக்கூத்தாடிகள் வளைகிறார்கள்.

ஓவியர் வரலாற்றாசிரியர் அல்லர், கற்பனைக்கு இடம் வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் அந்தக் கற்பனை ஏன் எப்போதும் அரசனின் பக்கமே சாய்கிறது?

என்னை உறுத்துவது இதுதான். இராசராசனின் கல்வெட்டுகள் ஊர் நிலங்களில் வரி நீங்கியவற்றைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி, கம்மாணச்சேரி என்று தனித்தனியே குறிக்கின்றன. அரசனின் கல்லிலேயே இருக்கும் அந்தச் சேரிகள் நம் வண்ணப்படங்களில் இல்லை. படத்தில் பார்க்காததை நடக்காதது என்றே பிள்ளைகள் நம்புவார்கள். ‘அந்தக் காலத்தில் எல்லாரும் சமமாக வாழ்ந்தோம்’ என்ற பொய்க்கு அழகான படமே சாட்சியாகிவிடும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு நொடியில் ஒரு சோழ நகரைத் தருகிறது. பழைய படங்களைத் தின்று வளர்ந்த கருவி, பழைய மறதியையும் சேர்த்தே பெருக்கும். கல்வெட்டைப் படித்துவிட்டுத் தூரிகை எடுக்கும் மனிதர்தான் இதை மாற்ற முடியும்.

வார இதழ்களுக்கும் பாடநூல் தயாரிப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த சோழர் படத்துக்கு ஓவியரை அழைக்கும்போது கதைச் சுருக்கத்தோடு அந்தக் கல்வெட்டுப் பட்டியலையும் கொடுங்கள். தையானுக்கு ஒரு முகம், சேரிக்கு ஒரு தெரு என்று கேட்டு வாங்குங்கள்.