பழைய காருக்குப் பந்தயக் கூடு: பட்டறைக்கு அனுப்புமுன்

கடந்த மழைக்காலத்தில் எங்கள் மைசூரு கிளைக்கு நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவர் வந்தார். ஓய்வுபெற்ற பொறியாளர். தந்தையார் விட்டுச்சென்ற, 1960களைச் சேர்ந்த இரண்டு இருக்கைப் பிரிட்டிஷ் கார் ஒன்று அவர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. அதன் எஃகுக் கூட்டைக் களைந்துவிட்டு, அலுமினியத் தகட்டில் அக்காலப் பந்தயக் காரின் வடிவில் புதுக்கூடு அமைக்க வேண்டும். அதற்கு வாகனக் கடன் கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்று ஒரே சொல்லில் அனுப்பிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

அவர் மனத்தில் இருந்த முன்மாதிரி, 1961இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஜாகுவார் இ-டைப். விமானத் தொழிலிலிருந்து வந்த மால்கம் சேயர் அதன் வளைவுகளைக் கணிதத்தின் துணையோடு வரைந்தவர். பந்தயத்துக்கென 1963, 1964 ஆண்டுகளில் அலுமினியக் கூட்டுடன் 12 கார்கள் உருவாயின. ஒதுக்கப்பட்டிருந்த வரிசை எண்களோ 18. எஞ்சிய ஆறு எண்களுக்குரிய கார்களை அந்நிறுவனமே 2014இல் கட்ட முற்பட்டது. அதற்குள் ஜாகுவார் நம் நாட்டு டாட்டா மோட்டார்ஸின் உடைமையாகியிருந்தது (2008). கூரையைச் சரித்து வால்பகுதிவரை நீட்டிக் காற்றுத் தடையைக் குறைத்த வடிவம் ஒன்றையும் சேயர் அமைத்தார். நம் வாடிக்கையாளர் கொண்டுவந்த படம் அதுதான்.

இவ்வடிவங்களின் பின்னுள்ள கணக்கு எளியது. வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகும். அத்தடையை வெல்ல எஞ்சின் தரவேண்டிய திறன் எட்டு மடங்காகும். அலுமினியத்தின் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆயினும் அது மென்மையானது என்பதால் தகட்டைத் தடிமனாக எடுக்க நேர்கிறது. எடைச் சேமிப்பு ஏட்டில் தோன்றும் அளவுக்கு வருவதில்லை. சாமுண்டி மலைப்பாதையின் வளைவுகளில் காற்றுத் தடைக்குப் பெரிதாக வேலையில்லை. அங்கே எடைக் குறைப்பே உதவும். அவரோ காற்றுக்கான வாலையே அதிகம் விரும்பினார்!

இனி நாம் அவருக்குக் காட்டிய இடர். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வாகனம் பழம்பெரும் வாகனமாகப் பதிவு பெறலாம். புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால் வாகனம் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் கூடாது. அதாவது, அவர் பல இலட்சம் செலவிட்டுச் செய்ய எண்ணிய வேலையே அந்தத் தகுதியை அழித்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதிப்படுத்தியது. அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஜாகுவார் நிறுவனமே கட்டிய அந்த ஆறு கார்களும் பந்தயத் தடத்துக்குரியவையே. பொதுச் சாலைக்கு உரியவை அல்ல.

வாகனக் கடன் என்பது பதிவுச் சான்றில் வங்கியின் உரிமை குறிக்கப்படுவதை நம்பி நிற்பது. செல்லத்தக்க சான்று இல்லாவிடில் அக்கடனுக்கு இடமில்லை. காப்பீட்டிலும் இதே சிக்கல்தான்: வழக்கமான மோட்டார் பாலிசி பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது, தெரிவிக்கப்படாத மாற்றம் சாலை விபத்தில்கூட இழப்பீட்டுக் கோரிக்கையைத் தகராறாக்கும். வருமான வரியைப் பொறுத்தவரை சொந்தப் பயன்பாட்டுக் காரின் விற்பனை இலாபத்துக்கு வரியில்லை. அதனால் நட்டத்தையும் கணக்கில் காட்ட இயலாது.

அவர் தம் ஓய்வூதியப் பலன்களை எங்களிடம் நிலை வைப்பில் வைத்திருந்தார். அதனை முதிர்வுக்கு முன் உடைக்க எண்ணியிருந்தார் என்பது பேச்சின் முடிவில்தான் தெரியவந்தது. உடைப்பதைவிட வைப்பின் பேரில் கடன் பெறுவது நலம் என்றோம். வைப்பு வட்டிக்குச் சற்று மேலான வட்டியில் அது கிடைக்கும், பழைய வட்டி விகிதமும் குலையாது. பட்டறைக்கு மொத்தமாக முன்பணம் தரவேண்டாம், வேலை முடிந்த அளவுக்குப் பில் பெற்றுக் கொடுங்கள் என்றும், டிங்கரிங் செய்யும்போது சேசிஸ் எண் தேய்ந்துவிடாமல் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றும் கூறினோம்.

மூன்று வாரம் கழித்து வந்தார். 1996 வரை யாதவகிரியில் இயங்கிய ஐடியல் ஜாவா ஆலையில் வேலை பார்த்த ஒருவரை உடன் அழைத்து வந்திருந்தார். தந்தையாரின் கார் மூல வடிவிலேயே புதுப்பிக்கப்படுகிறது. அலுமினியக் கூட்டை வேறொரு கழித்த சேசிஸின் மீது, பந்தயத் தடத்துக்கு மட்டும், டிரெய்லரில் ஏற்றிச் செல்லும்படி அமைப்பதாக உத்தேசம். அதற்கான மர அச்சு மட்டும் இப்போதைக்கு ஆயத்தமாகியுள்ளது. வைப்பின் பேரில் பெற்ற கடன், முதல் காருக்கு மட்டுமே.